நாய்களோடு பூமா வேட்டை: ஐடஹோ மலைகளில் குளிர்கால வேட்டைக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பூமா என்ற பெரிய காட்டுப் பூனையை யாரும் கண்ணால் தேடிப் பிடிப்பதில்லை. ஆள் வருவதை அது முன்கூட்டியே அறிந்து விலகிக்கொள்ளும். அந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்து மாடு மேய்க்கிறவர்களில்கூட அதை நேரில் பார்க்காதவர்கள் நிறையப் பேர். அதனால் பனியில் பதிந்த தடத்தைக் கண்டுபிடித்து, அந்த வாடையில் நாய்களை விட்டு, அவை பூமாவை மரத்தில் ஏற்றும்வரை பின்னாலேயே நடப்பதுதான் அங்கே வழக்கம். ஊர்க்காரர்கள் பூமாவை ‘மவுண்டன் லயன்’ என்றும், சுருக்கமாக ‘லயன்’ என்றும் சொல்வார்கள். நான் பூமா என்றே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்களில் வேட்டையில் ஆர்வம் உள்ள, முதல் முறையாக ஒரு வழிகாட்டியோடு இதற்குப் போக நினைக்கிறவருக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாய் வைத்து வேட்டையாடுவதற்கு நியாயம் ஒன்று இருக்கிறதென்றால், அது மரத்தடியில் கிடைக்கும் அவகாசம்தான். மேலே நிற்பது ஆணா பெண்ணா, குட்டி வளர்க்கிறதா, இளசா முதிர்ந்ததா என்று நின்று பார்க்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் நாய்களைக் கட்டிக்கொண்டு இறங்கி வரலாம், பூமாவும் தன் வழியே போய்விடும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த அவகாசத்தை ஒழுங்காகப் பயன்படுத்தத்தான்.

எந்த மாநிலம்?

கலிஃபோர்னியாவில் 1990-இல் மக்கள் வாக்களித்துப் பூமா வேட்டையையே நிறுத்திவிட்டார்கள். ஆரிகனில் 1994-லும் வாஷிங்டனில் 1996-லும் நடந்த வாக்கெடுப்புகளில் வேட்டைக்காரர் நாய் பயன்படுத்துவது தடையானது. அங்கே வேட்டை உண்டு, நாய் கூடாது. கொலராடோவில் 2024 நவம்பரில் முழுத் தடை கேட்டு வந்த முன்மொழிவு தோற்றது. யூட்டாவில் 2023 முதல் தனி அனுமதி எதுவும் இல்லாமல், சாதாரண வேட்டை உரிமத்தோடு ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். குட்டியோடு திரியும் தாய்கள் எந்த மாதத்திலும் உண்டு என்பதால், அந்த ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை.

மொன்டானா, வயோமிங், கொலராடோ, ஐடஹோ நான்கிலும் குளிர்கால நாய் வேட்டை நன்கு வேரூன்றியது. நான் ஐடஹோவை, அதிலும் சால்மன் ஆற்றுப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். சால்மன் ஊர் கிட்டத்தட்ட 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான மலை, தெற்கு பார்த்த சரிவுகளில் சேஜ் புதர், பாண்டரோசா பைன், டக்ளஸ் ஃபர். குளிர்காலத்தில் மேலே பனி ஆழமாகிவிடும்போது மியூல் மான்கள் இந்தச் சரிவுகளுக்கு இறங்கி வரும். மான் எங்கேயோ பூமாவும் அங்கே.

இந்த மலைகளைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. மோரிஸ் ஹார்னாக்கர் என்ற ஆய்வாளர் 1964-இல் இங்கே பிக் க்ரீக் பள்ளத்தாக்கில் பூமாவைப் படிக்கத் தொடங்கினார். அதுவரை அதைத் தொல்லை விலங்கு என்றே பார்த்தார்கள், கொன்றால் பரிசுப் பணம் கொடுத்த காலமும் இருந்தது. வில்பர் வைல்ஸ் என்ற உள்ளூர் வேட்டைக்காரரின் நாய்கள் பூமாவை மரமேற்ற, மயக்க ஊசி போட்டு இறக்கி, அடையாளம் இட்டு விட்டார்கள். அதே பூமாவை மறுபடியும் மறுபடியும் பிடித்து, அதன் எல்லை எது, என்ன தின்கிறது, ஒன்றையொன்று எப்படி விலக்கி வாழ்கிறது என்று குளிர்காலம் குளிர்காலமாகக் கணக்கெடுத்தார்கள். மான், எல்க் கூட்டங்களை பூமா அழித்துவிடவில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. 1972-இல் ஐடஹோ பூமாவைத் தொல்லை விலங்குப் பட்டியலிலிருந்து எடுத்து, பருவமும் விதியும் உள்ள வேட்டை விலங்காக மாற்றியது. இன்றைக்கு பூமாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி நாய்களின் மோப்பத்தால் தெரிந்ததுதான். இந்த வேட்டைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

பணமும் நேரமும் வீணாவதும், மனசு கெட்டுத் திரும்புவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் அவசரம் வேண்டாம்.

ஐடஹோவில் கூலிக்கு வேட்டைக்கு அழைத்துப் போகிறவர் மாநில வாரியத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அப்படி உரிமம் பெற்று தொழில் நடத்துபவர் அவுட்ஃபிட்டர். அவரிடம் வேலை செய்பவர் கைடு, அவருக்கும் உரிமம் தேவை. எந்தப் பகுதியில், எந்த விலங்குக்கு என்பதும் உரிமத்திலேயே இருக்கும். தேசிய வனத்துக்குள் போவதானால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேர்மையானவர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

கட்டணம் பொதுவாக 5,000 முதல் 10,000 டாலர் வரை போகும். தங்குமிடம், சாப்பாடு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து மாறும். ஐந்து நாளுக்குக் குறைவான வேட்டையை எடுக்காதீர்கள். ஏழு நாள் இருந்தால் நல்லது. பனி விழவில்லை என்றால் நாய்க்குத் தடமே கிடைக்காமல் நாட்கள் கழியும். சில அவுட்ஃபிட்டர்கள் ‘பனி விழும்போது கூப்பிடுகிறேன், இரண்டு நாளில் வந்துவிடுங்கள்’ என்ற ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். டென்வர், சியாட்டில், சால்ட் லேக் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு இது மிக உகந்த ஏற்பாடு. லீவு எடுப்பதுதான் சிக்கல்.

தொலைபேசியில் பேசும்போது இவற்றைக் கேளுங்கள்:

- போன பருவத்தில் எத்தனை பூமாக்களை மரமேற்றினீர்கள், அதில் எத்தனையை விட்டுவிட்டு வந்தீர்கள்?
- பெட்டைகளைச் சுட விடுவீர்களா?
- தடத்தை எடுக்கும் முன் பின்னோக்கிப் போய் குட்டித் தடம் இருக்கிறதா என்று பார்ப்பீர்களா?
- நாய்கள் உங்களுடையவையா, வேறொருவருடையவையா?
- ஓநாய் இருக்கும் பகுதியா? அப்போது என்ன செய்வீர்கள்?
- நான் மெதுவாக நடந்தால் என்ன செய்வீர்கள்?

முதல் கேள்விக்கான பதிலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘வெற்றி நூறு சதவீதம்’ என்று மட்டும் பேசுகிறவரை நான் தவிர்ப்பேன். விட்டுவிட்டு வந்த பூமாக்களைப் பற்றி ஆசையோடு பேசுகிறவரிடம் முன்பணம் கொடுக்கலாம். பழைய வாடிக்கையாளர்களின் எண்ணைக் கேட்கும்போது, பூமா கிடைக்காமல் திரும்பியவர்களின் எண்ணையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதில்தான் விஷயம் இருக்கும்.

இன்னொன்று. நாய்கள் முன்கூட்டியே பூமாவை மரமேற்றி வைத்திருக்க, வாடிக்கையாளர் கடைசியில் வந்து சுடுகிற ஏற்பாட்டை யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது வேட்டை இல்லை. பல இடங்களில் சட்டப்படி குற்றமும்கூட.

உரிமம், விசா, துப்பாக்கி

ஐடஹோவில் 1975 ஜனவரி 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைக் கல்வி வகுப்பு முடித்த சான்று காட்டினால்தான் உரிமம் வாங்க முடியும். வேறு மாநிலத்தில் முடித்திருந்தாலும் ஏற்பார்கள். வகுப்பை இணையத்தில் படிக்கலாம். முதலில் வேட்டை உரிமம், அதன்மேல் பூமாவுக்கான டேக், அதாவது ஒரு பூமாவைச் சுட அனுமதிக்கும் சீட்டு. நாய்களை நடத்துகிறவருக்கு நாய் வேட்டை அனுமதி தனியாக உண்டு, அது வழிகாட்டியின் பொறுப்பு. கொலராடோ போகிறவர்கள் பூமாவின் பாலினத்தை அடையாளம் காணும் பாடத்தை இணையத்தில் படித்துத் தேர்வும் எழுத வேண்டும். ஐடஹோ போகிறவர்களும் அதைப் படியுங்கள் என்பேன். இதைவிடத் தெளிவான பாடம் வேறு கிடையாது.

நம்மவர்களில் பலர் எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பதால் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்காவின் மத்திய சட்டம் தடுக்கிறது. கையில் எடுத்து நிற்பதும் இதில் அடங்கும். விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது. அதனால் உரிமம் கைக்கு வரும் முன் பயிற்சிக்காகக்கூடத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். வந்த பிறகு அதன் நகலை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதில் தவறினால் அபராதத்தோடு முடியாது, விசாவே போய்விடும்.

சொந்தத் துப்பாக்கி தேவையில்லை. பூமாவின் தோல் மெல்லியது, சுடும் தூரம் பெரும்பாலும் 30 கஜத்துக்குள். .243 அல்லது .30-30 போன்ற லேசான ரைபிள் தாராளமாகப் போதும். வழிகாட்டிகள் பலர் ஒன்றைக் கூடவே வைத்திருப்பார்கள். பழகியவர்கள் வில்லும் எடுத்துப் போவார்கள். முதல் முறை போகிறவருக்கு நான் வில்லைச் சொல்ல மாட்டேன். கிளைகளுக்கு நடுவே, தலைக்கு மேலே, மூச்சிரைத்துக்கொண்டு எய்வது கடினம்.

உடம்பும் உடுப்பும்

சால்மன் பக்கம் ஜனவரி காலைகள் -10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவது சாதாரணம். பகலே ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்தான். தடம் முகட்டின் மேலே போனால் நீங்களும் முழங்கால் பனியில் இரண்டாயிரம் அடி ஏற வேண்டும், இருட்டும் முன் இறங்கவும் வேண்டும். மூன்று மாதம் முன்பிருந்தே முதுகில் பத்து கிலோ சுமையோடு படிக்கட்டு ஏறிப் பழகுங்கள். சமதளத்தில் நடப்பது மட்டும் போதாது. இறங்கும்போதுதான் முட்டி பேசும்.

பருத்தி வேண்டவே வேண்டாம். ஏறும்போது வியர்க்கும், மரத்தடியில் நிற்கும்போது அந்த ஈரம் உறைந்து உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். உள்ளே மெரினோ கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்று புகாத மேலுடை. தடித்த டவுன் ஜாக்கெட்டை முதுகுப்பையில் வைத்து, நின்ற பிறகு மட்டும் போடுங்கள். கையுறை இரண்டு ஜோடி. பூட்ஸுக்குள் பனி போகாமல் இருக்க கெய்ட்டர். பனிக்காலணி, பூட்ஸில் மாட்டும் முள்சங்கிலி, தலைவிளக்கு, மாற்று பேட்டரி. தீ மூட்டும் பொருள் இரண்டு விதமாக இருக்கட்டும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேலிருந்துதான், வாய் அடைபடாது.

சாப்பாட்டில் சைவமோ அசைவமோ, நாட்டுச் சர்க்கரையில் உருட்டிய கடலை மிட்டாய் அந்தக் குளிரில் சாக்லேட்டைவிட நன்றாக வேலை செய்யும். கல்லாக உறையாது, கையுறையோடு எடுத்துக் கடிக்கலாம்.

பனியும் விடியலும்

எல்லாரும் எதிர்பார்ப்பது நள்ளிரவோடு நின்றுவிடும் பனியை. அதற்குப் பிறகு நடந்த விலங்கின் தடம் மட்டுமே விடியலில் தெரியும். பழைய தடமெல்லாம் மூடியிருக்கும். விடிய விடியப் பனி கொட்டினால் புதுத் தடமும் மறைந்துவிடும். பனி விழுந்து நாலைந்து நாளாகி, பகலில் இளகி இரவில் இறுகினால் மேலே கண்ணாடி மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். அது நாய்களின் பாதத்தை அறுக்கும், வாடையையும் சரியாகப் பிடித்து வைக்காது.

அதனால் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே பிக்கப் வண்டி கிளம்பும். பின்னால் நாய்ப்பெட்டி, டயர்களில் சங்கிலி. ஆற்றோரச் சாலையிலும் வனச் சாலையிலும் மணிக்குப் பத்து மைல் வேகத்தில் ஊர்ந்து, விளக்கு வெளிச்சத்தில் ஓரத்துப் பனியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சாலை மூடியிருந்தால் ஸ்னோமொபைல். சில நாட்களில் இதுவே முழு வேட்டை: எண்பது மைல் ஓட்டி, நூறு மான் தடம் பார்த்து, திரும்பி வந்து தூங்குவது. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணைச் சாலையோரத்திலேயே வைத்திருங்கள். வழிகாட்டி ஒரு பக்கம் பார்த்தால் நீங்கள் மறுபக்கம் பார்க்கலாம், அது பெரிய உதவி.

தடத்தைப் படிப்பது

பூமாவின் தடம் கிட்டத்தட்ட வட்டமாக, மூன்று முதல் நான்கு அங்குல அகலத்தில் இருக்கும். நான்கு விரல், நகக்குறி கிடையாது. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். நாய், ஓநாய் தடத்தில் நகக்குறி பெரும்பாலும் தெரியும், தடமும் நீளவாக்கில் இருக்கும். முக்கியமான அடையாளம் குதிகால் மெத்தை. பூமாவுக்கு அதன் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். நம் கை நடுவிரல் போல ஒரு விரல் மற்றவற்றைவிட முன்னே நீண்டிருக்கும். அதை வைத்து இடது காலா வலது காலா என்றுகூடச் சொல்லலாம்.

கடுவனா (ஆணா) பெட்டையா என்பதற்குப் பின்னங்காலின் குதிகால் மெத்தையை அளக்க வேண்டும். அகலம் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கடுவன். ஆழப்பனியில் எல்லாத் தடமும் பெரிதாகத் தெரியும் என்பதால், மரத்தடியில் பனி மெல்லிதாக இருக்கும் இடத்தில் பதிந்த தடத்தைத் தேடி அளப்பார்கள். நடையையும் பார்க்க வேண்டும். முதிர்ந்த கடுவன் தன் எல்லையைச் சுற்றிவர நெடுந்தூரம் நேராகப் போகும். வழியில் பின்னங்காலால் மண்ணையும் சருகையும் சுரண்டிக் குவித்து, அதில் மூத்திரம் பெய்து அடையாளம் வைக்கும். பெட்டையின் தடம் புதருக்குப் புதர் வளைந்து, மான் படுத்த இடங்களை எட்டிப் பார்த்துக்கொண்டே போகும்.

தடம் எப்போது விழுந்தது? விளிம்பு கூராக, உள்ளே தூள்பனி தளர்வாக இருந்தால் புதிது. உள்ளே உறைபனிப் படிகம் முளைத்து, விளிம்பு கெட்டியானால் பழையது. அனுபவசாலிகள் பக்கத்தில் தங்கள் பூட்ஸை அழுத்திப் பார்த்து ஒப்பிடுவார்கள். குறுக்கே போன மான் தடம் பூமா தடத்தின் மேலே விழுந்திருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதும் ஒரு கணக்கு.

தடம் கிடைத்ததும் உடனே நாயை விட்டுவிடக்கூடாது. முதலில் தடத்தைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். தாய் தன் குட்டிகளை ஓரிடத்தில் விட்டுவிட்டு வேட்டைக்கு வந்திருக்கலாம். அல்லது குட்டிகள் அவள் தடத்திலேயே கால் வைத்து நடந்து, ஓரிடத்தில் மட்டும் பிரிந்திருக்கலாம். பூமா ஆண்டின் எந்த மாதத்திலும் ஈனும். குட்டிகள் ஒரு வருடத்துக்கு மேலும் தாயைவிட்டுப் பிரியாது. புள்ளி மறையாத குட்டியையும் குட்டியோடு இருக்கும் தாயையும் கொல்வது ஐடஹோவில் சட்டவிரோதம். ஆனால் தனியாகத் தெரியும் பெட்டைக்குக் குட்டியே இல்லை என்று தடம் உறுதி சொல்லாது. அரைமணி நேரம் பின்னோக்கி நடப்பதற்கு அலுத்துக்கொள்ளும் வழிகாட்டியிடம், ‘வேண்டாம், பார்த்துவிட்டே விடலாம்’ என்று நீங்கள் சொல்லலாம். பணம் கொடுத்தவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

அதே நடையில் ஓநாய்த் தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். ஐடஹோவிலும் மொன்டானாவிலும் ஓநாய்க் கூட்டத்திடம் நாயை இழந்தவர்கள் இருக்கிறார்கள். புது ஓநாய்த் தடம் இருந்தால், எவ்வளவு நல்ல கடுவன் தடமாக இருந்தாலும் நாய் பெட்டிக்குள்ளேயே இருக்கும். நிலம் யாருடையது என்பதும் இப்போதே தெரிய வேண்டும். தனியார் பண்ணைக்குள் தடம் போனால் அனுமதி கேட்டாக வேண்டும். வேலி எது, வனநிலம் எது என்று காட்டும் ஆன்எக்ஸ் வரைபடச் செயலியை வழிகாட்டிகள் பலர் கைபேசியில் வைத்திருப்பார்கள்.

நாய்கள்

பெரும்பாலும் ட்ரீயிங் வாக்கர், ப்ளூடிக், ரெட்போன், ப்ளாட், பிளாக் அண்ட் டான் இனங்களும் அவற்றின் கலப்பும். பெரும்பாலும் கிழக்கு, தெற்கு மாநிலங்களில் ரக்கூன் என்ற சிறு விலங்கின் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனங்கள் இவை. ப்ளாட் வடகரோலைனா மலைகளில் கரடிக்கும் பன்றிக்கும் வளர்ந்த நாய். 1989 முதல் அந்த மாநிலத்தின் அடையாள நாயும்கூட.

முதலில் விடுவது பழைய வாடையையும் பிடிக்கத் தெரிந்த மூத்த நாயை. அது நிதானமாகத் தடத்தைப் பிரித்து, சரியான திசையில்தான் போகிறது என்று உறுதியான பிறகு மற்றவற்றை விடுவார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜிபிஎஸ் பட்டை இருக்கும். கையடக்கக் கருவியில் அவை எங்கே, ஓடுகின்றனவா நிற்கின்றனவா, எல்லாம் தெரியும். ஆனாலும் காதுதான் முதல் கருவி. தேடும்போது விட்டுவிட்டு ஒரு நீளமான ஊளை. வாடை சூடானதும் எல்லாமும் சேர்ந்து குரல் உயரும். மரத்தடிக்கு வந்ததும் குரல் மாறி, ஒரே இடத்திலிருந்து விடாத, வெட்டிவெட்டிக் குரைக்கும் ஒலி வரும். இந்த மாற்றத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்காது. ஒவ்வொரு நாயின் குரலும் வழிகாட்டிக்குத் தெரியும். ‘இப்போது கிழவன் சொல்கிறான், நம்பலாம்’ என்பார்.

பூமா குறுகிய தூரத்துக்கு மின்னல் வேகம். நெடுந்தூர ஓட்டத்துக்கு அதற்குத் தம் கிடையாது. அதனால் நாய்கள் நெருங்கிவிட்டால் துரத்தல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தடத்தை நிதானமாகப் பிரித்துக்கொண்டே நெருங்குவதற்குத்தான் மணிக்கணக்காகும். சில சமயம் அது மரமேறாமல் பாறை இடுக்கில் நின்றுவிடும். அதுதான் நாய்களுக்கு ஆபத்தான நிலை. அப்போது வழிகாட்டி விரைவாக முன்னே போவார். நீங்கள் அவர் சொல்லும் இடத்திலேயே நில்லுங்கள்.

மலை ஏறும்போது துப்பாக்கிக்குள் தோட்டா ஏற்றி வைக்க வேண்டாம். உங்கள் வேகத்திலேயே ஏறுங்கள். நாய்கள் பூமாவை மணிக்கணக்கில் மரத்திலேயே நிறுத்தி வைக்கும். வியர்வையில் நனைந்து, கை நடுங்கி, மூச்சு திணறிப் போய்ச் சேர்வதில் எந்தப் பயனும் இல்லை.

மரத்தடியில்

முதலில் துப்பாக்கியைக் கீழே சாய்த்து வையுங்கள். தொலைநோக்கியை எடுங்கள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நாய்கள் கத்தும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. நெஞ்சு அடித்துக்கொள்ளும். மேலே அது வாலைத் தொங்கவிட்டு, காதைப் பின்னால் மடித்து, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அவசரம் இயல்பாக வரும். கொஞ்சம் அடங்கட்டும்.

பாலினத்தைப் பின்னாலிருந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடுவனுக்கு ஆசனவாயிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே, ஏறத்தாழ ஒரு அங்குல விட்டத்தில் கருமுடிப் பொட்டு இருக்கும். அதற்கும் ஆசனவாய்க்கும் நடுவே விரைப்பை, மங்கிய நிற முடியோடு. பெட்டைக்கு அந்தக் கரும்பொட்டு கிடையாது. வாலடியிலேயே எல்லாம் மறைந்திருக்கும், கீழே வெறும் வெண்முடி. வாலை நகர்த்தும்வரை காத்திருங்கள். உடம்பின் பருமனை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குளிர்கால முடியில் எல்லாமே பெரிதாகத் தெரியும். முதிர்ந்த கடுவன் 60 கிலோவைத் தாண்டும், பெட்டை பெரும்பாலும் 35 முதல் 45 கிலோ. மரத்தில் நிற்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது.

வயதுக்கு முன்னங்காலின் உட்புறத்தைப் பாருங்கள். கருமையான பட்டைகள் இன்னும் தெரிந்தால் அது இளசு. முதிர்ந்த கடுவனுக்குத் தலை அகன்று, தாடை தடித்து, காதுகள் சிறியதாகத் தோன்றும். காதோரம் கிழிசல், முகத்தில் பழைய தழும்பு இருக்கும். பெட்டையின் அடிவயிற்றில் முலைக்காம்பு பெரிதாகக் கறுத்துத் தெரிந்தால் அவள் குட்டிக்குப் பால் கொடுத்தவள்.

என் முடிவு எளிது. பெட்டை என்றால் விட்டுவிடுவேன். இளங்கடுவன் என்றாலும் விட்டுவிடுவேன். சந்தேகம் இருந்தாலும் விட்டுவிடுவேன். படம் எடுத்துக்கொண்டு, நாய்களைக் கட்டி இழுத்துக்கொண்டு, அது இறங்கிப் போக வழிவிட்டு வருவதில் எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. வழிகாட்டிக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரத்தடியில் நின்றுகொண்டு வாக்குவாதம் செய்யக் கூடாது. அதோடு, மரத்தில் நெடுநேரம் நிறுத்திவைப்பது அதற்கும் துன்பம். பார்த்து முடித்ததும் முடிவெடுங்கள்.

சுடுவதென்றால்

எல்லா நாய்களையும் பிடித்து, மரத்திலிருந்து தள்ளிக் கட்டிய பிறகுதான் தோட்டா ஏற்ற வேண்டும். காயத்தோடு விழும் பூமா நாய்களுக்கு நடுவே விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் யாரும் இல்லை, குண்டு கடந்தாலும் மலையில்தான் போய்ப் பதியும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருந்து, முன்னந்தோளுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரல் இருக்கும் இடத்தைக் குறிவையுங்கள். கீழிருந்து மேல்நோக்கிச் சுடுவதால் குண்டு போகும் பாதை சாய்ந்திருக்கும். அது எதிர்ப்பக்கம் எங்கே வெளியேறும் என்று மனசில் கோடு போட்டுப் பாருங்கள். தலையில் சுட வேண்டாம், மண்டையோட்டை அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். கிளை நடுவே இருந்தால் நகரட்டும். தாவி ஓடும்போது சுடவே கூடாது. நாய்கள் மறுபடி மரமேற்றும். சூரியன் மறைந்து அரைமணிக்குப் பிறகு சுடுவது சட்டப்படி தவறு. இருட்டிவிட்டால் விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

அதற்குப் பிறகு

டேக்கில் மாதத்தையும் தேதியையும் அங்கேயே வெட்டிக் குறித்து மாட்டுங்கள். பாலினத்தைக் காட்டும் உறுப்பு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், அறுத்துவிடக் கூடாது. தோலையும் மண்டையோட்டையும் 10 நாளுக்குள் ஐடஹோ மீன், வேட்டைத் துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். தோலில் அடையாளம் மாட்டி, வயதறிய ஒரு முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். தலையை உறைய வைக்கும் முன் வாயில் ஒரு குச்சியைக் கொடுத்துத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்தில் கல்லாக உறைந்த தாடையோடு நிற்க நேரும்.

கறியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கொலராடோவில் சட்டம் உண்டு; ஐடஹோவில் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் எடுங்கள். தின்னாமல் காட்டில் விட்டுவரும் வேட்டையை நான் ஏற்க மாட்டேன். வெளிர் நிறக் கறி, பன்றியைப் போன்றே இருக்கும். ட்ரைகினெல்லா புழு இருக்க வாய்ப்பு உள்ளதால் உட்புறம் 71 டிகிரி செல்சியஸ் தொடும்வரை வேக வேண்டும். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு, குறைந்த தீயில் நெடுநேரம் வதக்கிய சுக்கா இதற்குக் கச்சிதம். பின்தொடை இறுக்கமாக இருக்கும், அதைக் கைமாவாக அரைத்துவிடுங்கள்.

பூமா சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் உள்ளது. தோலையோ மண்டையோட்டையோ அனுமதி இல்லாமல் அமெரிக்காவைவிட்டு எடுத்துப் போக முடியாது. ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். மாநில எல்லை தாண்டும்போதுகூட உரிமம், டேக், துறையின் அடையாளம் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

வழிகாட்டிக்கு அன்பளிப்பாகக் கட்டணத்தில் 10 முதல் 20 சதவீதம் கொடுப்பது வழக்கம். பூமா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கொடுங்கள். விட்டுவிட்டு வரலாம் என்று அவரே சொன்ன வேட்டையானால் சற்றுக் கூடவே கொடுங்கள். நாய்களின் பாதங்களை அன்றிரவே அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பிளந்த மெத்தை, விரலிடுக்கில் சிக்கிய பனிக்கட்டி, கழன்ற நகம் இருந்தால் மறுநாள் அந்த நாய்க்கு ஓய்வு, மற்றவை போகும்.